கொதிக்கும் இயந்திரமும் சுண்ணாம்பு நிலமும்



பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் செல்லும் சாலையில் கோடைக்கால நண்பகலில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். சாலையோர மரநிழலில் பழைய வண்டி ஒன்று நிற்கும். அதன் பானட் திறந்திருக்கும். உள்ளிருந்து நீராவி எழுந்துகொண்டிருக்கும். ஓட்டுநர் கையில் ஒரு குடத்துடன், பக்கத்து வயலில் எங்கேனும் பம்புசெட்டு ஓடுகிறதா என்று பார்த்து நிற்பார். கூடியிருப்போர் ஆளுக்கொரு காரணம் கூறுவர். "தண்ணீர் குறைந்துவிட்டது" என்பார் ஒருவர். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள்" என்பார் மற்றொருவர். "வண்டிக்கு வயதாகிவிட்டது, விற்றுவிடுங்கள்" என்று மூன்றாமவர் தீர்ப்பே வழங்கிவிடுவார். வண்டியைத் தொட்டுப் பார்த்தவர் அவர்களுள் ஒருவரும் இரார்.

இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாவது மனிதனுக்குக் காய்ச்சல் வருவதைப் போன்றது. காய்ச்சலுக்குக் காரணம் பல. அவற்றுள் எது என்று காணாமல் மருந்து கொடுப்பவனை நாம் மருத்துவன் என்று ஒப்புவதில்லை. நான் மோட்டார்த் தொழில் கற்றவன் அல்லன். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனினும், வெப்பத்தைப் பற்றிய பாடத்தை ஒரு பழைய மோட்டார் வண்டி விளக்குவதைப் போலக் கரும்பலகை விளக்குவதில்லை. அன்றியும், இவ்விரு மாவட்டங்களின் மண்ணுக்கும் இந்தச் சூட்டுக்கும் உள்ள உறவை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டில் பிறந்தது. அரியலூர் அதிலிருந்து 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, 2007இல் மறுபடியும் பிரிந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறினும், அடியிலுள்ள பாறை மட்டும் கோடானுகோடி ஆண்டுகளாக இருந்தபடியே இருக்கிறது.

காரணங்களைத் தேடப் புகுமுன், ஆபத்து ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. ஏன் என்பதற்குக் கணக்கே விடை கூறும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. சுருள்வில் வைத்த ஓர் அழுத்த வால்வு. அது உள்ளே அழுத்தத்தை உயர்த்தி வைக்கிறது. சதுர அங்குலத்திற்கு ஒரு பவுண்டு அழுத்தம் மிகுந்தால் நீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரைப் பாகை செண்டிகிரேட் உயரும். ஆகவே 7 பவுண்டு மூடி உள்ள வண்டியில் நீர் 110 பாகை வரை கொதிக்காமலே இருக்கலாம். அத்தகைய நீர் பத்து லிட்டர் இருக்கையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் மறைந்துவிடும். நீர் 100 பாகைக்கு இறங்கியாக வேண்டும். அந்தப் பத்துப் பாகை வெப்பமும் நீரை ஆவியாக்கச் செலவாகும். நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் நீர், உடனே ஆவியாகிறது. அந்த ஆவியின் பருமன் 300 லிட்டருக்கும் மேல்! அது வெளியேற அந்தச் சிறு வாயைத் தவிர வேறு வழி இல்லை. கொதிநீரையும் அள்ளிக்கொண்டு அது பாயும் இடத்தில் உங்கள் முகம் இருக்கும். ஈரத்துணியைப் போர்த்தித் திறந்தால் ஒன்றும் நேராது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மேல்குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள். அரைமணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். அதன் பின்னரும் குளிர்ந்த நீரை ஒரேயடியாக ஊற்றலாகாது. சூடான கண்ணாடிக் குவளையில் குளிர்நீர் பட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். வார்ப்பிரும்பும் அவ்வாறே விரிசல் காணும்.

இனி, சூடு எங்கிருந்து வருகிறது? எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்ற உதவுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். எஞ்சிய பங்கு இயந்திரத்தின் சுவர்களில் ஏறுகிறது. அதை நீர் சுமந்து சென்று காற்றில் விட வேண்டும். இயந்திரத்தைச் சுற்றியுள்ள நீர்ப்பைகளில் சூடான நீர் மேல்குழாய் வழியே ரேடியேட்டரின் மேல்தொட்டிக்கு வரும். அங்கிருந்து மெல்லிய குழல்கள் பலவற்றின் வழியே கீழிறங்கும்போது ஆறும். பிறகு கீழ்க்குழாய் வழியே திரும்பும். இந்தச் சுற்றை நடத்துவது நீர்ப் பம்பு. பழைய ஃபோர்டு 'மாடல் டி' வண்டிகளில், தொடக்கத்தில் வந்த சிலவற்றைத் தவிர, பம்பே கிடையாது. சூடான நீர் மேலே செல்லும், குளிர்ந்த நீர் கீழே வரும் என்ற இயற்கை விதி ஒன்றையே நம்பி அவை ஓடின.

நம் நாட்டில் பழைய வண்டி என்றதும் பலர் நினைவுக்கு வருவது அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வார்ப்பில், வங்காளத்து உத்தரபாராவில், 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014ஆம் ஆண்டுவரை அது செய்யப்பட்டது. திருமண ஊர்வலத்திலும் வாடகை நிறுத்தத்திலும் இன்னும் சிலவற்றைக் காணலாம். அதில் நீர்ப் பம்பும் விசிறியும் ஒரே அச்சில் சுழல்கின்றன. டைனமோவையும் அவ்வச்சையும் சுழற்றுவது ஒரே பெல்ட். இந்த அமைப்பை அறிந்தவனுக்கு ஒரு துப்பு இலவசமாகக் கிடைக்கிறது. சூட்டு முள் ஏறும் அதே வேளையில், மின்கலம் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கும் எரிந்தால், பெல்ட் அறுந்தது என்று வண்டியை விட்டு இறங்காமலே கூறிவிடலாம். பெல்ட் அறாமல் தளர்ந்திருப்பதும் உண்டு. கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் தாழலாம். அதற்கு மேல் தாழ்ந்தால் இறுக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னே கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. இயந்திரம் உண்மையிலேயே சூடாகிறதா? முள் பொய் சொல்லக்கூடும். பழைய வண்டியின் வெப்பங்காட்டி அதனினும் பழையது. ஆவி இல்லை, கொதிக்கும் ஓசை இல்லை, இழுப்புச் சக்தி குறையவில்லை, முள் மட்டும் மேலே நிற்கிறது என்றால், முதலில் முள்ளையே ஐயுற வேண்டும். இதற்கு மாறான பொய்யும் உண்டு; அது கொடியது. நீர் முழுவதும் வெளியேறிவிட்டால், நீரில் மூழ்கியிருக்க வேண்டிய உணர்கருவி காற்றில் நிற்கும். முள் கீழே இறங்கும். "ஆறிவிட்டது" என்று மகிழ்ந்து ஓட்டினால், அடுத்த சில மைல்களுக்குள் பிஸ்டன் இறுகிவிடும். ஏறிய முள் காரணமின்றி இறங்கினால் வண்டியை உடனே நிறுத்திவிடுங்கள்.

அடுத்த வினா, எப்போது சூடாகிறது என்பது. என் நண்பர் ஒருவர், என்னைப் போலவே ஓய்வு பெற்ற ஆசிரியர், பழைய அம்பாசிடர் ஒன்று வைத்திருந்தார். அது நெடுஞ்சாலையில் கால்மணி நேரம் விரைந்து ஓடினால் கொதிக்கும். ஒரு பட்டறையில் மூடியை மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டார்கள். வேறோரிடத்தில் பெல்ட்டும் குழாய்களும் புதியன ஆயின. ஓய்வூதியத்தில் இரண்டு மாதத் தொகை கரைந்தது. வண்டி கொதிப்பது மட்டும் நிற்கவில்லை. இறுதியில், வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். அவர் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை.

"ஐயா, கடைவீதி நெரிசலில் நிற்கும்போது சூடாகிறதா?" என்று கேட்டார்.

"இல்லை, வேகமாகப் போனால்தான்" என்றார் நண்பர்.

"தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்களா?"

"ஒரு நாளும் தவறியதில்லை. காலையில் வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு செம்பு ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்."

அவர் சிரித்துக்கொண்டே, "நோயையும் நீங்களே ஊற்றியிருக்கிறீர்கள், ஐயா" என்றார்.

இந்த இரண்டு வினாக்களில் எத்துணைச் செய்தி அடங்கியுள்ளது என்று பாருங்கள். நிற்கும்போது சூடாகி, ஓடும்போது ஆறும் வண்டியில் குறை காற்றில் இருக்கிறது. ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது விசிறி ஒன்றே கதி. ஆகவே பெல்ட், விசிறி, ரேடியேட்டரின் வெளிமுகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடும்போது சூடாகும் வண்டியில் காற்றுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் நீரோட்டத்தில்தான் குறை இருக்கும். வேகம் கூடும்போது வெப்பமும் கூடுகிறது. அதைச் சுமக்கப் போதிய நீர் ரேடியேட்டர் வழியே செல்லவில்லை. குழல்கள் அடைத்திருக்கலாம், பம்பின் இதழ்கள் அரித்துப் போயிருக்கலாம், பம்பு உறிஞ்சும் வேகத்தில் மென்மையான கீழ்க்குழாய் உள்நோக்கிச் சப்பிப் போகலாம். கடைசியில் சொன்னது வண்டி நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் இயந்திரத்தை வேகமாக்க, மற்றவர் விசிறிக்கு எட்டாமல் நின்று பார்த்தால்தான் தெரியும்.

பெரம்பலூர்ப் பக்கத்து உழவர்கள் முதல் வகைக் குறையை நன்கு அறிவர். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பூமி அது. கதிரடிக்கும் இயந்திரத்தோடு நாள் முழுதும் நிற்கும் டிராக்டரின் ரேடியேட்டர் முகத்தில், சருகும் உமியும் பஞ்சும் கம்பளம்போல் படிந்துவிடும். அரியலூர்ப் பக்கத்தில் உமிக்குப் பதில் சுண்ணாம்புக்கல் தூசி. சுரங்கத்திலிருந்து கல் ஏற்றும் லாரிகளின் ரேடியேட்டர்த் தகடுகளுக்கிடையே அது எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து இறுகிவிடும். இதைக் கழுவும்போது காற்று வரும் திசைக்கு எதிராக, இயந்திரப் பக்கமிருந்து முன்புறமாக, மெல்ல நீரைப் பாய்ச்ச வேண்டும். பீய்ச்சி அடித்தால் தகடுகள் மடங்கிப் போகும்.

நண்பரின் வண்டியில் இருந்தது இரண்டாம் வகை. முதியவர் இயந்திரத்தைச் சிறிது ஓடவிட்டு அணைத்தார். பிறகு ரேடியேட்டரின் முகத்தைப் புறங்கையால் அங்குமிங்கும் தொட்டுப் பார்த்தார். ஓர் ஓரம் சூடாக இருந்தது. நடுப்பகுதி பெரும்பாலும் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த இடத்தில் நீர் ஓடவில்லை என்பது பொருள். மேல்தொட்டியின் பற்றைப் பிரித்துப் பார்த்தபோது, குழல்களின் வாயெல்லாம் வெளிர்மஞ்சள் நிறப் படிவு ஏறி மூடியிருந்தது. அதில் ஒரு துண்டை நான் வாங்கி வந்தேன். மேசைமேல் அதையும், அரியலூரிலிருந்து முன்பு கொணர்ந்திருந்த சுண்ணாம்புக்கல் ஒன்றையும் வைத்து, இரண்டின்மீதும் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன். இரண்டும் ஒன்றுபோல் நுரைத்தன.

ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பி முதலியவற்றின் ஓடுகள் அடியில் படிந்து பாறையாயின. 1860களில் நிலவியல் அறிஞர் பிளான்போர்டு இப்பாறைகளை ஆராய்ந்து வகுத்தார். உலக நிலவியல் நூல்களில் அரியலூர் என்ற பெயர் இடம் பெற்றது அக்காலத்திலிருந்துதான். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பெரிய அடிமரத்தை உங்களில் சிலர் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள்; அதுவும் அக்கடல் விட்டுச் சென்ற சான்றுதான். இந்தச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் 1979இல் அரசின் சிமெண்டு ஆலை அரியலூரில் வந்தது. தனியார் ஆலைகள் பலவும் எழுந்தன.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி நிலத்தில் இறங்குகிறது. சுண்ணாம்புப் பாறையின் கால்சியம் கார்பனேட்டை அது கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துக்கொள்கிறது. கிணற்று நீரில் சோப்பு நுரைக்காததற்கும், வெந்நீர்ப் பானையில் வெள்ளை படிவதற்கும் அதுவே காரணம். நீரைச் சூடாக்கினால் வாயு வெளியேறி, கரைந்தது மீண்டும் கல்லாகிறது. கடல் ஆற அமரச் செய்த வேலையை ரேடியேட்டர் சில ஆண்டுகளில் செய்து முடிக்கிறது!

இங்கே ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். நண்பரின் பிழை எங்கே என்பது அதில்தான் விளங்கும். நம் குடிநீருக்கான இந்தியத் தர அளவு, நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருப்பதை ஏற்கிறது. வேறு நீர் இல்லாவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்கிறது. கிணற்று நீரின் கடினத்தன்மை 500 என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரையும் இயந்திரத்தையும் ஒருமுறை நிரப்பப் பத்து லிட்டர் நீர் வேண்டும் என்றால், அதில் இருப்பது ஐந்து கிராம் சுண்ணாம்புதான். முழுவதும் படிந்தாலும் பெருந்தீங்கு இல்லை. ஆனால் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஊற்றினால் 600 லிட்டர் ஆகிறது. அதிலுள்ள சுண்ணாம்பு 300 கிராம்! நீர் கசிந்தோ ஆவியாகியோ வெளியேறும்; சுண்ணாம்பில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன், செம்பின் திறனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே குழல் முற்றும் அடைபடும் முன்பே சூடு ஏறத் தொடங்கும். சூடு ஏறினால் நீர் மேலும் ஆவியாகும், மேலும் ஊற்ற வேண்டிவரும், மேலும் படியும்.

அப்படியானால் இரண்டு செம்பு நீர் நாள்தோறும் எங்கே போயிற்று? மற்றப் பட்டறைகளில் ஒருவரும் கேளாத வினா இது. ரேடியேட்டர் முறை மூடிய சுற்று. நல்ல நிலையில் உள்ள வண்டி நாள்தோறும் நீர் கேட்காது. நண்பரின் வண்டியில் நீர்ப் பம்பின் அச்சில் உள்ள அடைப்பு தேய்ந்து, அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சூடான இயந்திரத்தில் சொட்டியது உடனே உலர்ந்ததால் தரையில் அடையாளமே இல்லை. பம்பின் அடியில் வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. பம்பின் அடைப்புக்கு ஆன செலவு மிகச் சிறியது. ரேடியேட்டருக்கு ஆனதுதான் அதிகம். செம்பும் பித்தளையும் கொண்ட பழைய ரேடியேட்டராதலால், தொட்டியைக் கழற்றி, ஒவ்வொரு குழலிலும் கம்பி விட்டுக் குடைந்து, மீண்டும் பற்று வைக்க முடிந்தது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் கொண்ட புதியவற்றில் இவ்வேலை நடவாது. எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தால் படிவைக் கரைப்பதும் உண்டு. ஆனால் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை போன்ற இடங்களின் களிமண்ணில் ஜிப்சம் இருக்கிறது. ஜிப்சம் கலந்த நீரின் படிவு அமிலத்தில் நுரைக்காது, எளிதில் கரையாது. ஆதலால் ஒரு துண்டைச் சோதித்துப் பார்த்த பின்பே மருந்தை முடிவு செய்ய வேண்டும்.

வெளியே கசிவே இல்லாமலும் நீர் குறையலாம். அப்போது அஞ்ச வேண்டியது ஹெட் கேஸ்கெட். அது பழுதானால் எரிவாயு நீர்ப்பைக்குள் புகும். நீர் உருளைக்குள் புகும். காலையில் குளிர்ந்த இயந்திரத்தைத் தொடக்கிய ஓரிரு நிமிடத்திலேயே மேல்குழாய் கல்போல் விறைத்தால், அது ஆவியின் அழுத்தமாக இருக்க முடியாது, எரிவாயுவின் அழுத்தமே. எண்ணெய் அளவுகோலில் எண்ணெய், மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தாலும் இக்குறைதான். இந்நிலையில் வண்டியை ஓட்டலாகாது.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டு வெயிலுக்கு அது வேண்டியதில்லை என்ற எண்ணம் பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அது இல்லாத இயந்திரம் உரிய சூட்டை அடையக் காலம் பிடிக்கும், தேய்மானம் கூடும். சில இயந்திரங்களில் அதை நீக்கினால் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் திரும்பி, சூடு மிகுதலும் உண்டு. ஐயமிருந்தால் சோதிப்பது எளிது. ஒரு பாத்திரத்து நீரில் அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானி ஒன்றையும் வைத்துச் சூடாக்குங்கள். தெர்மோஸ்டாட்டின்மேல் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டி அது திறக்க வேண்டும். பலவற்றில் அது 80 பாகையை ஒட்டி இருக்கும். திறக்காவிட்டால் புதியது வாங்கலாம்.

நீரோட்டமும் காற்றோட்டமும் செவ்வையாக இருந்தும் சூடானால், வெப்பம் பிறக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் தீப்பொறி காலம் தாழ்த்தி எழுந்தால், வாயு எரிந்துகொண்டே உருளைச் சுவரெங்கும் பரவி, மிகுதியான வெப்பத்தை நீருக்குக் கொடுக்கும். விடாது பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கும் இயந்திரத்தை வீணாக உழைக்கச் செய்யும். இவை அரியவை, கடைசியில் பார்த்தால் போதும்.

நண்பரின் வண்டிக்கு இப்போது கிணற்று நீர் வார்ப்பதில்லை. காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் சரிபாதி கலந்து ஊற்றியிருக்கிறார். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையைச் சில பாகை உயர்த்தும். உடன் சேர்த்துள்ள மருந்துகள் உலோகம் அரிக்காமல் காக்கும். வாங்க வசதியில்லாதவர்கள், வழியில் அவசரத்துக்கு, தூய துணியில் வடித்த மழைநீரை ஊற்றலாம். அதில் சுண்ணாம்பு இராது. கூலன்ட் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தரையில் சிந்தினால் நாயோ குழந்தையோ நக்கிவிடாமல் உடனே கழுவிவிட வேண்டும். புதிதாக நிரப்பும்போது, இயந்திரம் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்து வைத்து மெல்ல ஊற்றி, சிறிது நேரம் நிதானமாக ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழிகளாக வெளியேறி மட்டம் தாழும். தாழ்ந்த அளவை நிரப்பி மூடிவிட்டு, மறுநாள் காலை, வண்டி முற்றும் ஆறியிருக்கும்போது, மீண்டும் ஒருமுறை மட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.